இடது கைக்கு மாறிய காப்பு

அப்பா,

இன்று காலை உன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாகத் தார்ப்பாய் போர்த்தி வாசலிலேயே நின்றது. இனிமேல் கோதண்டம் மாமா ஓட்டப்போகிறார். அவர் வருவதற்குள் சுத்தம் செய்துவிடலாம் என்று முன்கண்ணாடிக்கு மேலே நீ வரிசையாகச் செருகியிருந்த சாமி படங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். மயிலம் முருகனுக்குப் பின்னால் ஒரு லேமினேஷன் அட்டை இருந்தது. திருப்பிப் பார்த்தால் உன் ஆளு, உன் சினிமா ஹீரோ! கையில்லாத பனியனில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நர்சம்மாவிடம் கொரோனா ஊசி போட்டுக்கொள்கிறார். முகத்தில் அந்த அரைச் சிரிப்பு.

இந்தப் படத்தைப் பற்றி உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டுமென்று நாலு வருஷம் வாயைத் திறந்து திறந்து மூடினேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்போதாவது எழுதிவிடுகிறேன்: இது நிஜப் படம் இல்லை அப்பா. நான் செய்தது. உன்னை ஏமாற்றித்தான் ஊசி போட வைத்தேன்.

நம் ரெட்டியார்பாளையத்து வீட்டின் சுவர் நினைவிருக்கிறதா? இடப்பக்கம் உன் ஆளு, வலப்பக்கம் என் ஆளு, நடுவில் எல்லைக்கோடு மாதிரி அம்மாவின் காலண்டர். அம்மா யாருக்கும் ரசிகை கிடையாது. "ரெண்டு பேரும் இவனுங்களுக்குப் பதிலா எனக்குப் பூ வாங்கிக் குடுத்திருந்தா மார்க்கெட்டே காலியாயிருக்கும்" என்பாள். மில் வேலையில் இருந்த காலத்திலேயே நீ அவருடைய மன்றத்தில் சேர்ந்துவிட்டாய். முதல் வெற்றிப் படத்தில் அவர் வலது கையில் போட்டிருந்தார் என்று அதே மாதிரி ஒரு பித்தளைக் காப்பு வாங்கி மாட்டினாய். மில் மூடி, ஆட்டோ வாங்கி, பெரிய மார்க்கெட் ஸ்டாண்டுக்கு வந்து, மன்றத்துக்கு நீ தலைவர், கோதண்டம் மாமா செயலாளர் என்று ஆன பிறகும் அதைக் கழற்றவில்லை. மணிக்கட்டைச் சுற்றி நிரந்தரமாக ஒரு பச்சை வளையம் இருக்கும்.

நான் எதிர்க்கட்சி. போனிலேயே எடிட்டிங் கற்றுக்கொண்டு என் ஆளுக்கு ரசிகர் பக்கம் நடத்தினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லாம் வீடியோ பார்த்துத்தான். உன் ஆளை ஓட்டி மீம் போட்டால் முதல் கமெண்ட் உன்னுடையதுதான் வரும்: "வீட்டுக்கு வா, சோறு இல்ல."

கொரோனா இரண்டாவது அலை அடித்த அந்த மே மாசம் முதலில் எனக்குக் காய்ச்சல். இரண்டாவது நாள் அம்மாவுக்கு. டெஸ்டில் இரண்டு பேருக்கும் பாசிட்டிவ். உள் அறையில் நாங்கள், கூடத்தில் நீ. சமையல் உன் பொறுப்பு. நீ வைத்த முதல் ரசத்தைக் குடித்துவிட்டு அம்மா, "வாசனை தெரியாமப் போனது நல்லதாப் போச்சுடி" என்றாள். தட்டைக் கதவுக்கு வெளியே வைத்து, இரண்டு தட்டு தட்டிவிட்டு, கேட் வரைக்கும் ஓடிப்போய், "நான் தூரமா வந்துட்டேன், எடுத்துக்கோங்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாய். நாங்கள் சாப்பிடும்போது கதவிடுக்கில் போனை வைத்து உன் ஆளின் பழைய பாட்டுகளைப் போடுவாய். காதில் பஞ்சு வைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆக்சிஜன் கணக்குக் கேட்பாய்.

"பாப்பா, எவ்ளோ?"

"தொண்ணூத்தி அஞ்சுப்பா."

"எங்காளு படம் நூறு நாள் ஓடுச்சு. நீ இன்னா தொண்ணூத்தி அஞ்சுலயே நிக்கிற? ஏத்து, ஏத்து."

ஆறாவது நாள் தொண்ணூற்றொன்றுக்கு வந்தது. அன்றைக்கு நீ ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. போனில் டாக்டர் சொன்னபடி நான் குப்புறப் படுத்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் காப்பு தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் தொண்ணூற்று நாலு ஆனதும், "இடைவேளைக்கு அப்புறம் பிக்கப் ஆயிடுச்சு" என்று கத்தினாய். குரல் கரகரவென்று இருந்தது. உனக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தேன். இல்லை, அது வேறு.

நாங்கள் தேறிவிட்டோம். உனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் உனக்குச் சர்க்கரை. நாள் முழுக்க ஆட்டோவில் யார் யாரையோ ஏற்றுகிறாய். ஸ்டாண்டில் உனக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. அடுத்தது நீதானோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயோ ஊசிப் பேச்சை எடுத்தாலே செருப்பைத் தேடுவாய். சர்க்கரை டெஸ்டுக்கு விரல் நுனியில் குத்தினாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஆள்.

"போட்டவன்லாம் ரெண்டு நாள் படுத்துக்கினு கெடக்குறான். க்ரூப்புல வீடியோ பாக்கல நீ?"

"அதெல்லாம் டுபாக்கூர்ப்பா."

"நீ போடுற எடிட்டு மட்டும் ஒரிஜினலா?" என்றாய். அப்புறம் சுவரைக் காட்டி, "எங்காளு போட்டுக்கட்டும். போட்டோ வரட்டும். அடுத்த நிமிஷம் கைய நீட்டுறேன், போதுமா?"

உன் ஆளு அந்தச் சமயம் பார்த்து எங்கேயோ பண்ணை வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். தினமும் தேடினேன். என் ஜென்மத்தில் எதிரணிப் பக்கங்களை அவ்வளவு புரட்டியதில்லை. ஒரு படமும் வரவில்லை. மூன்றாவது வாரம் பொறுமை போய்விட்டது.

அவருடைய அந்த முதல் வெற்றிப் படத்தில் ஒரு இடத்தில் கையில் அடிபட்டு உட்கார்ந்திருப்பார், டாக்டர் கதாநாயகி கட்டுப் போடுவாள். அந்தக் காட்சியை எடுத்தேன். கதாநாயகியை அழித்தேன், கட்டை அழித்தேன், தலையில் கொஞ்சம் நரை சேர்த்தேன், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி மாட்டினேன். ஊசி வைத்திருக்கிற நர்சம்மா வேறொரு படத்திலிருந்து வந்தார். அவர் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றார், அதனால் உன் ஆளைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டேன். உடைந்த ஸ்கிரீன், நிற்காத இருமல், மூன்று மணி நேரம். முடித்ததும் தோழிக்கு அனுப்பி, அவளிடமிருந்து திரும்ப வாங்கி, அப்புறம்தான் உனக்கு அனுப்பினேன். மேலே 'ஃபார்வர்டு' என்று வர வேண்டுமல்லவா? பொய்யான ஃபார்வர்டு போடுகிறவர்களோடு ராப்பகலாகச் சண்டை போடுகிறவள் நான்!

நீ நெடுநேரம் பார்த்தாய். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாய். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய்.

"சரி. எங்காளு போட்டுட்டாரு. நாளைக்கு ஸ்டாண்டு மொத்தமும் போறோம்."

நான் ஒரு ஆளைத்தான் கேட்டேன். நீ பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். ஏழு ஆட்டோ வரிசையாக வந்து, ஊசி முகாம் நடந்த பள்ளிக்கூட வாசலில் நின்றது. எல்லாரும் மன்றத்து டீ-ஷர்ட். ஒருவர் நான் செய்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். எனக்கு மயக்கமே வந்தது. கோதண்டம் மாமா பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றப்போனதும் நர்சம்மா வெளியே ஓடிவந்தார்.

"யோவ், இது ஊசி போடுற எடம்யா! கட்-அவுட்டு வெக்கிற எடம் இல்ல!"

"ஒரே ஒரு சுத்து சுத்திக்கிறோம் மேடம். நல்ல காரியம்."

"சுத்துனா ஆளுக்கு ரெண்டு ஊசி குத்துவேன்."

பூசணிக்காய் ஆட்டோவுக்குத் திரும்பியது. முதல் ஆளாக நீ உட்கார்ந்தாய். "வலது கையில காப்பு இருக்குது, எடது கையில போடுங்க" என்றாய். நர்சம்மா, "தோள்லதான் போடுறோம், காப்பு இன்னா பண்ணப் போவுது?" என்றார். நீ இடது கையைத்தான் நீட்டினாய், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். அவர் "ஆச்சு, எழுந்திரு" என்ற பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே காய்ச்சல். நூற்றியொன்று. மன்றத்து க்ரூப்பில் பதினோரு பேரும் முனகி முனகி வாய்ஸ் மெசேஜ். "தலைவரே, எனக்குக் கை தூக்க வரல." "எனக்கு முட்டி கழண்டுக்கிச்சு." நீ படுத்தபடியே தலைவராகப் பதில் கொடுத்தாய்: "மாத்திரையப் போடு, தண்ணியக் குடி, பொண்டாட்டியத் திட்டாத." நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "பாவம் எங்காளு. இந்த வலியத் தாங்கிக்கினு எப்பிடிச் சிரிச்சிருக்காரு பாரேன் போட்டோவுல" என்றாய். நான் துணியைப் பிழிகிற சாக்கில் பின்பக்கம் ஓடிப்போய் அழுதேன். நிம்மதியா குற்றவுணர்ச்சியா தெரியவில்லை, இரண்டும்தான். இரண்டே நாளில் நீ எழுந்து ஆட்டோ எடுத்துவிட்டாய்.

ஒரு மாசம் கழித்து உன் ஆளின் உண்மையான படம் வந்தது! பண்ணை வீட்டில், வேறு சட்டை, வேறு நர்ஸ். ஊரெல்லாம் 'முதல் டோஸ் இன்று போட்டுக்கொண்டார்' என்று பரவியது. செத்தேன் என்று நினைத்தேன். நீ போனைப் பார்த்தாய், பஜ்ஜியைக் கடித்தாய்.

"ரெண்டாவது டோஸா இருக்கும்" என்றாய்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அப்பா எவ்வளவு வெள்ளந்தி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

கொரோனா வந்தவர்கள் மூன்று மாசம் கழித்துத்தான் போட வேண்டும் என்பதால் என் முறை ஆகஸ்டில் வந்தது. நீதான் கூட்டிப்போனாய். வழியெல்லாம், "உன் ஆளு போட்டுக்கிட்டானா? போட்டோ எங்க? காட்டு" என்று ஓட்டினாய். எனக்குக் காய்ச்சலோடு அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டியும் வந்தது. சில பேருக்கு இப்படி வரும், தானே அடங்கும் என்றார்கள். அப்படியே அடங்கியது. ஆனால் மூன்று நாள் கையைத் தூக்க முடியவில்லை. அம்மா அவள் தங்கை வீட்டுக்குக் காலாப்பட்டு போயிருந்தாள். நீ எனக்குத் தலை பின்னிவிட்டாய். ஆட்டோவில் மூட்டை கட்டுகிற முடிச்சு. அவிழ்க்க ஒரு நாள் ஆயிற்று.

போன வருஷம் நீ போனபோது, வந்த சொந்தக்காரர் ஒருவர் வாசலில் நின்று, "எல்லாம் அந்த ஊசி பண்ண வேலதான்" என்றார். என் படத்தைப் பார்த்துத்தானே நீ போட்டாய்? கோதண்டம் மாமா சட்டென்று திரும்பினார். "நாலு வருஷம் கழிச்சா ஊசி வேல செய்யும்? டாக்டர் இனிப்பு வேணாம்னு சொல்லச் சொல்ல ஸ்டாண்டுல தெனம் ரெண்டு ஜாங்கிரி தின்னான்யா. மாரு வலிக்குதுன்னு மூணு நாள் யார்கிட்டயும் சொல்லல. அதப் பேசு." எனக்கும் புத்தியில் புரிந்தது. ஆனாலும் ஏமாற்றினேன் என்பது ஏமாற்றினேன்தானே? அதை உன்னிடம் சொல்லாமல்...

மாமா வந்துவிட்டார். வாசலில் ஹாரன் அடிக்கிறார். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

அப்பா! அப்பா, நீ இருக்கிறாயே!

சாவியைக் கொடுத்துவிட்டு அந்த அட்டையை மாமாவிடம் நீட்டினேன். உன்னிடம் சொல்லாததை அவரிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான். "மாமா, இது வந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இத இன்னுமா வெச்சிருந்தான்? காப்பப் பாரு பாப்பா."

பார்த்தேன். உன் ஆளின் காப்பு இடது கையில் இருந்தது. நான் திருப்பிப் போட்டபோது காப்பும் கூடவே திரும்பிவிட்டது. எதிரணிக்காரிக்கு அது கண்ணில் படவே இல்லை. முப்பது வருஷமாக அதே காப்பை வலது கையில் போட்டுக்கொண்டிருந்தவன் கண்ணில் படாமலா இருக்கும்?

"அன்னிக்கி ஸ்டாண்டுல எல்லாருமே பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டோம். 'யோவ், காப்பு எடது கையில இருக்குது, இது டுபாக்கூர்'னு நான்தான் மொதல்ல கத்துனேன். உங்கப்பன் இன்னா சொன்னான் தெரியுமா? 'தெரியும்டா. எம் பொண்ணு செஞ்சது. இருமிக்கினே மூணு மணி நேரம் உக்காந்து செஞ்சிருக்கா. அவளுக்கு ஆவாத ஆளு மூஞ்சிய மூணு மணி நேரம் பாத்திருக்கான்னா, எவ்ளோ பயந்திருப்பா? இதுக்கு மேலயும் போடலன்னா நான் இன்னாடா அப்பன்? எல்லாரும் வாய மூடிக்கினு நாளைக்கு என்கூட வாங்க'ன்னான். பாப்பாகிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற."

நான் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். அந்த ஈரத்துணி, அந்தப் பஜ்ஜி, "உன் ஆளு போட்டோ காட்டு". எத்தனை தடவை என்னை வைத்து ஓட்டியிருக்கிறாய், மனுஷா! வெள்ளந்தி நானா நீயா?

அம்மாவிடம் கேட்டு உன் காப்பை வாங்கினேன். உன் சர்க்கரை மாத்திரை டப்பாவில் வைத்திருந்தாள். எனக்குப் பெரிது, முழங்கை வரை ஏறுகிறது. வலது கையில்தான் போட்டேன், இரண்டு முறை சரிபார்த்துவிட்டு. மாமா வண்டியைக் கிளப்பும் முன் உன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கையைத் தூக்கிக் காட்டி ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமாவிடமிருந்து மெசேஜ் வந்தது: "பாப்பா, காப்பு எடது கையில இருக்குது!"

முன்பக்கக் கேமரா திருப்பிக் காட்டியிருக்கிறது. அதை மாற்றும் பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தொடவில்லை.

"ரெண்டாவது டோஸா இருக்கும் மாமா" என்று பதில் போட்டேன்.