மறுஉற்பத்தி என்றால் ஆல்ட்டர் இல்லையாம்

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சின்னவள் மூன்று பேரும் சுகம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்தோடு தூங்கி, சிரித்த முகமாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போனிலேயே சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ ‘சரிம்மா சரிம்மா’ என்று என்னை முடிக்க விடமாட்டாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு முதுகுவலி தேவலை. டிப்போவில் பஸ்ஸுக்கு அடியிலிருந்து எழும்போது ‘அம்மாடி’ என்கிறார், வீட்டில் ஒரு வாளி தண்ணீர் தூக்கச் சொன்னாலும் அதே ‘அம்மாடி’ வருகிறது, எது நிஜம் எது நடிப்பு என்று எனக்குத் தெரியாதா. மாடிப்படிக்கு வீட்டுக்காரர் ஒருவழியாக விளக்குப் போட்டுக் கொடுத்தார். உன் இருமல் நின்றதா இல்லையா என்று நீ எழுதவே இல்லை, ஈரத்தலையோடு வெளியே போகிறாய் என்று மட்டும் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

சின்னவள் விஷயம் போனில் அரைகுறையாகச் சொன்னேன், முழுதாகக் கேள். நீ இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிறகு அங்கே ஒரு புது ஏற்பாடு வந்திருக்கிறது. எட்டாவது முடிந்ததும் ஒரு பரீட்சை வைத்துப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். படிப்புப் பிரிவு என்றால் மேலே கல்லூரிக்குப் போகலாம். தொழில் பிரிவு என்றால் நேரே எங்கள் தையல் கம்பெனிக்கு வரலாம். சின்னவளுக்குத் தொழில் பிரிவு என்று பலகையில் ஒட்டிவிட்டார்கள். அவள் அழுதிருந்தால்கூட நான் சமாதானம் சொல்லித் தேற்றியிருப்பேன். அழவில்லை. ‘எனக்கு அவ்ளோதான் மண்டைம்மா’ என்று சொல்லிவிட்டுப் பையை மூலையில் வைத்தாள். மாத்திரை வயிற்றுக்குள் போனால் தலைவலிக்கு எப்படி வழி தெரியும் என்று கேட்டு மருந்துக்கடைக்காரரையே திணற அடித்தவள், அதற்குப் பிறகு எதையுமே கேட்பதை விட்டுவிட்டாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது. பலகையை நானும் போய்ப் பார்த்தேன். மிஷினில் உட்காருகிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், மூட்டை கட்டுகிறவர்கள், எங்கள் பிள்ளைகள் அத்தனையும் தொழில் பிரிவு. ஆபீஸ் குடியிருப்புப் பிள்ளைகள் அத்தனையும் படிப்புப் பிரிவு. மண்டைக்கு எப்படியடி தெரியும், தான் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று? தொழில் பிரிவுக்கு ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் கம்பெனி கொடுத்த மிஷின்கள், எங்கள் கம்பெனி மாதிரியே வரிசை, மணிகூட அதே சத்தம். எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான், ‘அப்புறமென்னக்கா, இனி அம்மாவும் பொண்ணும் ஒரே லைன்ல உக்காரலாம்’ என்று சந்தோஷமாகச் சொன்னார். சிரித்து வைத்தேன், மனசு ஒப்பவில்லை. தையலைக் கேவலமாக நினைக்கவில்லை, நான் தைத்த காலரை நானே தடவிப் பார்த்துப் பெருமைப்படுகிறவள். அவளே ஆசைப்பட்டு வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார வைப்பேன். பிடரியில் கை வைத்துத் தள்ளினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. கல்வியைப் பற்றி மேல்படிப்புப் படிக்கிறவள் நீ, இதைப் பற்றி நிறைய எழுதியிருந்தாய். உள்ளதைச் சொல்கிறேன், நடுப்பக்கங்கள் எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஒரு வரி மட்டும் பளிச்சென்று புரிந்தது. ‘நம்மை மாதிரி வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் பள்ளிக்கூடம் செய்கிற வேலை மறுஉற்பத்திதான் அம்மா’ என்று எழுதியிருந்தாய். உற்பத்தி என்பது எங்கள் கம்பெனிப் பலகையில் தினமும் எழுதுகிற வார்த்தை, எனக்குத் தெரியாதா? செக்கிங்கில் கழித்த துணி ஆல்ட்டருக்கு வரும், கோணல் தையலைப் பிரித்து மறுபடி தைத்து நல்ல துணியோடு சேர்ப்போம். மறுஉற்பத்தி என்றால் அதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆகா, பள்ளிக்கூடத்தின் வேலையே கழித்த பிள்ளையைப் பிரித்துத் தைத்து நேராக்குவதுதான், என் பெண் படித்துவிட்டுச் சொல்கிறாள், இவர்கள் பாட்டுக்குக் கழித்துக் கட்டுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் சொன்னேன். ‘அதானே, வாஸ்தவம்தானே’ என்றார்கள். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு எல்லாரும் போனோம். பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம், பேசினால் தலைமை ஆசிரியர் மேஜையைத் தட்டினார், நாங்களும் கப்சிப் என்று ஆனோம், அந்தப் பழக்கம் விடுமா. திறமை இருக்கிறவர்கள் எங்கிருந்தாலும் மேலே வந்துவிடுவார்கள், பள்ளிக்கூடம் யாருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை என்றார். அதற்கு அத்தாட்சி என்று உன்னைச் சொன்னார். ‘இந்த அம்மாவோட பெரிய பொண்ணு இதே ஸ்கூல்தான், இன்னைக்கு எங்க இருக்கு பாருங்க’ என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் எனக்குத் தலைகால் புரிந்திருக்காது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்திரிக்கார அக்கா மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பெண்ணும் சின்னவளோடு அதே பட்டியலில்தான் இருக்கிறாள். உன் பெயரைச் சொல்லி அவள் தலையைக் குனிய வைத்துவிட்டார்களே என்று எனக்குத் தாங்கவில்லை, எழுந்துவிட்டேன். என் பெரிய பெண்ணே எழுதியிருக்கிறாள் சார், பள்ளிக்கூடத்தின் வேலை மறுஉற்பத்தி என்று, அந்த வேலையைச் செய்யுங்கள் என்றேன். ‘ஒரு தையல் கோணினா நாங்களே துணியைத் தூக்கிப் போடுறதில்ல சார், பிரிச்சு மறுபடி தைக்கிறோம். பதிமூணு வயசுப் பிள்ளையை ஒரு பரீட்சையில கழிச்சுடுறீங்களே, எந்த ஊர் நியாயம்’ என்று கேட்டேன். அவ்வளவுதான், குனிந்திருந்த அக்கா எழுந்தாள். என் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், மீதி நேரத்தில் படிக்கிறாள், அந்தப் பரீட்சை எதை அளந்தது என்று கேட்டாள். பிறகு ஆளாளுக்கு எழுந்தார்கள், மேஜையைத் தட்டிய சத்தம் யாருக்குக் கேட்டது.

வெளியே வந்ததும் அறிவியல் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘அக்கா, உங்க பொண்ணு சொன்னது அது இல்லக்கா’ என்றார். தொழிலாளி பிள்ளையைத் தொழிலாளியாகவும் முதலாளி பிள்ளையை முதலாளியாகவும் தலைமுறைக்குத் தலைமுறை பள்ளிக்கூடம் திரும்பத் திரும்ப உண்டாக்கிக்கொண்டே இருப்பதைத்தான் அப்படிச் சொல்வார்களாம், மணிக்கு எழுந்திரு, வரிசையில் நில், கேட்காமல் பேசாதே என்று சின்னதிலேயே பழக்கிவிட்டால் பிறகு கம்பெனிக்கு வேலை மிச்சமாம், அதோடு தோற்றது உன் மண்டைக் கோளாறு என்று பிள்ளையையே நம்பவும் வைத்துவிடுமாம். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மானம் போயிற்றே என்றேன். ‘போகலக்கா, உள்ளே யாருக்கும் தெரியல, நானும் வாயைத் திறக்கல’ என்றார். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும். வீட்டில் அப்பாவிடம் இதை விளக்கினேன். ‘அப்ப நான் ஒண்ணாங் கிளாஸ்லயே டிப்போவுல சேந்துட்டேனா, அந்த சர்வீஸையும் கணக்குல சேக்கச் சொல்லணும்’ என்கிறார். இந்த மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளுகிறேன் பார். ஆனால் சின்னவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ‘அப்ப என் மண்டை நல்லாத்தான் இருக்காம்மா?’ என்று மெதுவாகக் கேட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

மறுநாள் தலைமை ஆசிரியர் என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். உங்கள் சின்னப் பெண்ணைப் படிப்புப் பிரிவில் போட்டுவிடுகிறேன், வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றார். கும்பிட்டு, ரொம்ப நன்றி சார் என்று வாங்கிக்கொண்டேன், கிடைத்ததை விடுவேனா. வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாக இஸ்திரிக்கார அக்காவிடம் சொன்னேன். அவள் சொல்லாமல் இருப்பாளா? விடிந்தால் தாய் தகப்பன்மார் எல்லாரும் பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள், அவள் பிள்ளைக்கு ஒரு நியாயம் எங்கள் பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று. அறிவியல் டீச்சரும் எங்கள் பக்கம் வந்து நின்றார். கடைசியில் பலகையில் இருந்த பட்டியலைக் கிழித்தார்கள். எந்தப் பிரிவு என்று இனிப் பிள்ளையும் வீடும் சேர்ந்து சொல்ல வேண்டியது, பின்தங்கினால் மாலையில் டீச்சர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்று பேசி முடிவாயிற்று. சின்னவள் படிப்புப் பிரிவில் உட்கார்ந்துவிட்டாள். இஸ்திரிக்கார அக்காவின் பெண் எனக்கு மிஷின் ரிப்பேர்தான் பிடிக்கும் என்று தொழில் பிரிவுக்கே போனாள், நிமிர்ந்து போனாள். ஊர் உலகம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன், கூடத்தில் மணி அதேதான் அடிக்கிறது. ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது. நானும் அதே பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததால்தானே உன் கடிதத்தை நானே படிக்கிறேன், அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். எழுந்து நின்ற எங்கள் லைன் ஆட்களுக்கு, டீச்சருக்கு, எல்லாரையும் விட உனக்கு. நான் ஒருத்தி மட்டும் தப்பி வந்த மாதிரி இருக்கிறது அம்மா என்று போன தடவை எழுதியிருந்தாய். இனி அப்படி நினைக்காதே. நீ தப்பிப் போனவள் இல்லை, அவ்வளவு தூரத்திலிருந்து எங்களுக்கு ஒத்தாசை செய்கிறவள்.

கண்ணு, நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல், நாலு பேருக்கு நல்லது செய்துகொண்டு நன்றாக இரு. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சின்னவள் மாத்திரைக் கேள்வியை மறுபடி ஆரம்பித்துவிட்டாள், காது வலிக்கிறது, வலிக்கட்டும். ஒன்றை மறக்காதே, இனிமேல் பெரிய வார்த்தை எழுதினால் பக்கத்தில் அர்த்தத்தையும் எழுது. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எழுதாமல் விட்டாயே, அதற்கு உனக்குக் கோடி நன்றி. சரியாகப் புரிந்திருந்தால் நம் தலையெழுத்து என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா