சிவப்புக் கட்டம் போட்ட சட்டையும் ஐந்தடித் தொட்டியும்

வே, முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொள்கிறேன். உம்முடைய சிவப்புக் கட்டம் போட்ட சட்டையை மதினியிடம் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டேன். சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்தது. என் சட்டையைக் கழற்றி அந்த இடத்தில் வைத்து அலமாரிக் கதவை மூடிவிட்டேன். தொப்பையில் பொத்தான் மாட்டவில்லை. நீர் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகியும் அதில் உவரிக் கடல் வாசனை அடித்தது.

வேறு வழி தெரியவில்லை. இரை போடும்போது எப்போதும் நீர் போட்டிருந்தது அந்தச் சட்டைதான். அதைக் கண்டால்தான் உம்முடைய கோமாளி மீன் இரண்டும் கண்ணாடிப் பக்கம் வரும். என்னைக் கண்டால் பாறைக்குப் பின்னால் ஒளியும்.

"உம்ம மேல கொழம்புச்சட்டி வாசம் வருது வே, அதான் பயப்படுது" என்பீர்.

"பதினோரு வருசமா தீனி போடுதீரு, ஒரு நாளு கொழம்புக்கு ஆச்சா?" என்பேன் நான்.

மீன்களுக்கென்று ஐந்தடித் தொட்டியை வாங்கி வைத்துவிட்டு, நிரப்புமுன் போய்விட்டீர். போன வாரம் பழைய தொட்டியின் மூலையில் பசை விட்டுத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. மதினி போன் செய்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க மாத்திக் குடுக்கியளா? அதுக செத்து மெதக்கத மட்டும் என்னால பாக்க முடியாது."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சரி என்று சொல்லிவிட்டேன்.

தொட்டி மாற்றுவதைப் பற்றி நீர் எழுதி வைத்திருந்த நோட்டை மதினி வாசித்தார்கள், நான் செய்தேன். 'ஆற்றுத் தண்ணீர் நமக்கு மட்டும், மீனுக்குக் கடல் தண்ணீர்' என்று முதல் வரி. உவரிப் படகுக்காரர்கள் ஆழத்தில் மொண்டு வந்த தண்ணீரைக் முந்தின நாளே கேன் கேனாக ஏற்றி வந்திருந்தேன். பழைய தண்ணீர், புதுத் தண்ணீர் இரண்டிலும் உப்பு அளக்கும் உம்முடைய மிதவை ஒரே கோட்டில் நின்றது. 'பழைய மணலை அள்ளாதே, அடியில் நஞ்சு இருக்கும்.' புது மணல் விரித்தேன். 'பாறை காயக் கூடாது.' பழைய தண்ணீர் வாளியில் முக்கியே தூக்கினேன். 'வடிகட்டிப் பஞ்சைக் கழுவாதே, தண்ணீரைச் சுத்தமாக்கும் உயிர் அதில்தான் இருக்கிறது.' இந்த வரிக்கு மதினி வருமுன் நான் பஞ்சோடு குழாயடிக்குப் போய்விட்டேன். "அண்ணாச்சி!" என்று அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அடுத்த பக்கத்தை வாசித்துவிட்டு மதினி வாயைப் பொத்திக்கொண்டார்கள். 'இந்த இடத்தில் ஆட்டோக்காரர் அவசரப்படுவார். காப்பி குடிக்க அனுப்பவும்.' எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம். போன பிறகும் என்னைக் கிண்டல் செய்யாமல் விடவில்லை நீர்.

சட்டையோடு குனிந்தேன். இரண்டும் மேலே வந்தன. வலை போடவில்லை, மக்கில் மொண்டு வாளியில் விட்டேன். முடிச்சுப் போட்ட குழாய் வழியாகப் புதுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விழுந்தது. "பைய, வே, பைய" என்று உம்முடைய குரல் காதுக்குள் கேட்டது. ஒரு மணி நேரம் நான் வாளியை விட்டு எழுந்திருக்கவில்லை. பெரிய தொட்டியில் விட்டதும் பெட்டை மீன் சாய்ந்து படுத்துவிட்டது. மதினி அடுப்படிக்குப் போய்விட்டார்கள். தொட்டி விளக்கை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டைக்குத் தெரிகிற மாதிரி கண்ணாடியில் சட்டையை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அது நிமிர்ந்தது. ஐந்தடியையும் ஒரு சுற்றுச் சுற்றி, உம்முடைய சட்டைக்கு நேரே வந்து இரை கேட்டது.

"இங்கன வாங்க மதினி, வந்து பாருங்க!"

பார்த்தார்கள். சட்டையையும் பார்த்தார்கள். "நீங்களே வச்சுக்கோங்க அண்ணாச்சி. பொத்தான மட்டும் தள்ளித் தச்சுத் தாரேன்."

ஒன்றுகூடச் சாகவில்லை, வே. இப்போது வண்டியில் சாமான் ஏற்றுகிறவர்களிடம்கூட "பைய, பைய" என்கிறேன். எனக்கு என்ன வந்தது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

உம்முடைய சொல்லை மீறி ஒன்றே ஒன்று செய்தேன். நீர் குறித்த இடத்தில் சன்னல் வெயில் விழும் என்று தோன்றியது. காலையிலேயே ஸ்டாண்டை இரண்டு சாண் தள்ளி, சுவர் அலமாரிக்கு முன்னால் போட்டேன். 'நிரப்பிய தொட்டியை ஒரு விரல் அளவுகூட நகர்த்தக் கூடாது' என்பது நோட்டின் கடைசி வரி. இனிக் கதவு திறக்காத அந்த அலமாரிக்குள் என் சட்டை இருக்கிறது. சட்டைப் பையில் வண்டிச் சாவி இருக்கிறது. அன்று நான் டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போய் மாற்றுச் சாவியை எடுத்து வந்தேன்.