முதுகில் பதின்மூன்று எழுத்து

14 செப்டெம்பர் 2024, சனி

முழங்கால் பரவாயில்லை. மனைவி செசீலியா பாரைமீன் குழம்பு வைத்தாள். புளி கொஞ்சம் கூட. சொல்லக்கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன்.

பின்னேரம் எமில் வந்தான். இந்த மார்ச்சோடு ஐஸ் ஹொக்கியை விடப்போகிறானாம். இரண்டாம் பிரிவில் பதினான்கு பருவம் முன்வரிசையில், வலது கரையில் ஓடியிருக்கிறான். முன்பல் மூன்று போயிற்று. முப்பத்துநாலு வயது. விடட்டும். அதற்குப் பிறகு சொன்னதுதான் பொறுக்கவில்லை.

“அப்பா, கடைசி மட்ச் சரியான பேரோட விளையாடப்போறன்.”

“இப்ப என்ன பிழையான பேரோ?”

“முதுகில பீற்றர் எண்டு கிடக்கு. ஹெல்மெற்றைப் போட்டா ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்? சந்தியாப்பிள்ளை எண்டு போட்டா எங்கட பெடியள் பாத்திட்டாவது ஐஸுக்கு வருவினம்.”

பீற்றர் என்பது நான். சந்தியாப்பிள்ளை என்பது என் தகப்பன், அப்பு. பதிவில் உள்ள பெயரைத்தான் சட்டையில் போடலாமாம். அதனால் முதலில் என் பதிவைத் திருத்த வேண்டும். அதற்கு என் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும். அது பிஸ்கற் பேணிக்குள். பேணி அலுமாரிக்குள். அலுமாரித் திறப்பு என் சட்டைப்பைக்குள்.

“தரமாட்டன்” என்றேன்.

செசீலியா அடுப்படியில் நின்று சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது?

17 செப்டெம்பர், செவ்வாய்

இதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

1986. சுவிஸுக்கு வந்த புதிது. அகதிப் பதிவுப் படிவம். மொழிபெயர்ப்பாளர் வர மத்தியானம் ஆகும் என்றார்கள். எனக்கு எதற்கு மொழிபெயர்ப்பாளர்? அகராதி வைத்து நானாகவே ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன். முதல் கட்டத்தில் “நாமெ” என்று இருந்தது. பெயர். பீற்றர் என்று எழுதினேன். அடுத்தது “ஃபோர்நாமெ”. ஃபோர் என்றால் முன். முன்னால் வரும் பெயர். எங்களுக்கு முன்னால் வருவது எது? தகப்பன் பெயர். சந்தியாப்பிள்ளை என்று எழுதினேன். இதில் என்ன பிழை?

இந்த நாட்டில் அது தலைகீழாம்: நாமெ என்றால் குடும்பப் பெயர், ஃபோர்நாமெ என்றால் சொந்தப் பெயர். அன்றிலிருந்து நான் திருவாளர் பீற்றர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்தொன்பது வருடம் கூட வேலை செய்தவர்கள் உரிமையோடு என்னைச் “சந்தியா” என்று கூப்பிட்டார்கள். அப்புவைத் தேடித் திரும்பிப் பார்ப்பேன். ஆனால் மகனுக்குத் தகப்பன் பெயர் சரியாகப் போய்ச் சேர்ந்ததே! எமில் பீற்றர். எங்கள் முறைப்படி அச்சொட்டு. அதைப் போய்ப் பிழை என்கிறார்கள்.

விடிய ஐந்து மணிக்குப் பனிக்குள்ளால் அவனைப் பயிற்சிக்குக் கொண்டுபோனது ஆர்? நான். விதிப்புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, அகராதியோடு இருந்து, ஓஃப்சைட்டை மூன்று நாளில் விளங்கிக்கொண்டது ஆர்? நான். “என் மகன் மற்றவனுக்குக் கொடுப்பதை விட்டுத் தானே கோலுக்கு அடிக்க வேண்டும்” என்று பயிற்சியாளர்மாருக்குப் பதினொரு கடிதம் எழுதியது ஆர்? பதில் ஒன்றும் வரவில்லை, அது வேறு.

அப்பு என்ன செய்தார்? மன்னாரில் மீன் வியாபாரம் செய்தார். 1998இல் எமில் முதல் கோல் போட்டதைக் கடிதத்தில் எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில்: “ஐஸ் மீனுக்குப் போடுறது. பிள்ளையை அதுக்கு மேல விடாதை. சளி பிடிக்கும்.”

ஒரு வருடம் நான் கடிதம் போடவில்லை. அந்த மனுசன்ர பேரோ இப்ப ஐஸில ஓடப்போகுது?

21 செப்டெம்பர், சனி

எமில் தொலைபேசியில். அதே கதை. அதே பதில்.

5 ஒக்ரோபர், சனி

வழக்கமாக வலைக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பேன். முழங்காலால் இன்று இருக்கை எடுத்தோம். பக்கத்தில் எழுபத்தைந்து வயதிருக்கும் ஒரு சுவிஸ்காரர். முதுகில் பீற்றர், இருபத்தேழு. எமிலின் சட்டை! விலை கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறார். எனக்குச் சந்தோஷம். பெயர் கேட்டேன்.

“ஹான்ஸ்ருயேடி பீற்றர்” என்றார். “அதோ ஓடுகிறானே, எங்கள் பையன்.”

“உங்கட பையனோ?”

“எம்மெந்தால் பள்ளத்தாக்குப் பீற்றர்கள். ஓட்டத்தைப் பாருங்கள், தோள் முன்னுக்கு விழுகிறது. என் பெரியப்பா மாடு சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது அப்படித்தான் நடப்பார்.”

இடைவேளையில் சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். வம்ச மரம். 1640 தொடக்கம் எல்லாப் பீற்றரும் இருக்கிறார்கள். கடைசிக் கிளையில் பென்சிலால் “எமில்” என்று எழுதி, ஒரு கேள்விக்குறி. யாரோ ஒரு பீற்றர் வெளிநாட்டில் கலியாணம் கட்டியிருக்க வேண்டும், தேடிக்கொண்டிருக்கிறாராம். ஒன்பது வருடமாக!

செசீலியா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள்.

“அவன்ர தகப்பன் நான்தான்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்து உலுக்கினார். “அப்படியென்றால் நீங்களும் பீற்றர்! எந்தக் கிளை?”

6 ஒக்ரோபர், ஞாயிறு

பூசை முடிந்து வந்து பேணியைத் திறந்தேன். எமிலுக்காக இல்லை. அப்புவுக்காகவும் இல்லை. நான் பெத்த பிள்ளையைக் கொண்டுபோய் மாடு சாய்க்கிறவன்ர கிளையில பென்சிலால எழுதி வைச்சிருக்கிறான். விடுவனோ?

செசீலியா: “தரமாட்டன் எண்ட ஆள் எங்க?”

“தரேல்லை. நானே கொண்டுபோய்க் குடுக்கப்போறன். அது வேற.”

11 நவம்பர், திங்கள்

பதிவு அலுவலகம். எமிலும் வந்தான். அங்கே ஒரு சின்னப் பெண், மரியாதையானவள். 1986இல் படிவத்தைத் தவறாக நிரப்பினீர்களா என்று கேட்டாள். இல்லை, படிவம் தவறாக என்னைக் கேட்டது என்றேன். எமில் மேலே கூரையைப் பார்த்தான். அவள் யோசித்துவிட்டு “தவறான புரிதல்” என்று எழுதினாள். யாருடைய புரிதல் என்று எழுதவில்லை. வாசித்துப் பார்த்தேன். கையெழுத்து வைத்தேன்.

ட்ராமில் எமில் சொன்னான், “அப்பா, நீங்கள் முன்வரிசையில விளையாடியிருக்க வேணும். ஒருத்தராலும் உங்களை விழுத்தேலாது.”

நல்ல பிள்ளை. ஆனால் நேற்றும் வலைக்கு முன்னால் நின்று மற்றவனுக்குக் கொடுத்தான்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

பதிவு அலுவலகக் கடிதம் இன்னும் வரவில்லை. நானாக ஒருவரையும் கேட்கவும் மாட்டேன்.

12 பெப்ரவரி, புதன்

வந்துவிட்டது. எமிலின் பெயரும் சேர்த்து மாற்றியாயிற்று. “மதிப்புக்குரிய திருவாளர் சந்தியாப்பிள்ளை.” அப்புவுக்கு வந்த கடிதத்தை உடைத்ததுபோல ஒரு கூச்சம்.

2 மார்ச், ஞாயிறு

நேற்றுக் கடைசி மட்ச். ஒழுங்காக எழுதுகிறேன்.

பெயரை ஆங்கில எழுத்தில் தைத்தால் பதின்மூன்று. ஒரு கமக்கட்டிலிருந்து மறு கமக்கட்டு வரை வளைந்து கிடந்தது. அறிவிப்பாளர் “எமில்...” என்று இழுக்க, சனம் மிச்சப் பெயரைக் கத்த வேண்டும், அதுதான் வழக்கம். பீற்றர் என்றால் ஒரே வெடி. நேற்று நாலாயிரம் பேரும் ஒன்றாகத் தொடங்கினார்கள்; ஆளுக்கொரு நேரத்தில் முடித்தார்கள். மேல் வரிசைகள் இன்னும் “பிள்ளை”யில் நிற்க ஆட்டம் தொடங்கிவிட்டது. மூன்று வரிசைக்குக் கீழே எங்கள் பெடியள் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் சரியாகச் சொன்னார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்கள்.

ஹான்ஸ்ருயேடி பழைய சட்டையோடு பக்கத்தில் இருந்தார். அவருக்கு நான் எல்லாம் விளங்கப்படுத்தியாயிற்று.

“அப்போ இத்தனை வருடமும் நான் முதுகில் சுமந்தது உங்கள் பெயரையா?”

“ஓம். என்ர பேர்தான்.”

“கழற்றமாட்டேன்” என்றார். பிடிவாதக்காரன். எனக்குப் பிடித்துவிட்டது.

மூன்றுக்கு மூன்று. முடிய நாலு நிமிடம். எமில் வலைக்கு முன்னால், வலைக்கு முதுகு காட்டிக்கொண்டு, வழக்கம்போல யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடிக்கொண்டு நின்றான். “அடியடா!” என்று கத்தினேன். அவனிடம் பக், அந்த றப்பர் வட்டு, இல்லை என்று செசீலியா சொன்னாள். பக் கரையில் நின்றவனிடம். அவன் அடித்தது வலைத் தூணில் பட்டுத் திரும்பி, எமிலின் முதுகில் பட்டு, வலைக்குள் போயிற்று.

நடுவர்கள் வீடியோவைப் பார்த்தார்கள். கடைசியாகப் பட்டது எமிலில். கோல் அவனுடையது. பெயரின் கடைசி எழுத்தில், கமக்கட்டோடு பட்டிருக்கிறது. பீற்றர் என்று இருந்திருந்தால் அந்த இடத்தில் வெறும் துணிதான்.

“துணியில பட்டாலும் கோல்தான்” என்றாள் செசீலியா. அவளுக்கு ஹொக்கி தெரியாது.

3 ஏப்ரல், வியாழன்

புது அடையாள அட்டை வந்தது. நாமெ: சந்தியாப்பிள்ளை. ஃபோர்நாமெ: பீற்றர். கட்டங்கள் கடைசியில் சரிவந்துவிட்டன; அவர்களுக்கு முப்பத்தொன்பது வருடம் எடுத்திருக்கிறது.

கதவுமணியிலும் பெயரை மாற்றினேன். தபால்காரப் பெண் நின்று பார்த்தாள். “யார் புதிதாக வந்திருக்கிறார்?”

“எங்கட அப்பு” என்றேன்.

எமில் தந்த பக்கை அவருடைய படத்துக்கு முன்னால் வைத்தேன். கறுப்பு றப்பர், கைக்குள் அடங்கும். மத்தியானம் பார்த்தால் காணவில்லை. செசீலியா அதைக் குளிர்ப்பெட்டியில், பாரைமீனுக்கு மேல், ஐஸுக்குள் வைத்திருக்கிறாள். “மாமா எங்க வைக்கச் சொல்லியிருப்பார் எண்டு யோசிச்சனான்” என்கிறாள்.

எடுக்கவில்லை. இருக்கட்டும்.