என் பெயரில் செய்த அர்ச்சனை

பெரிய ட்ரம்மின் தோள்வாரை இன்று காலை கராஜிலிருந்து எடுத்தேன். உன் ஓடிக்கொலோன் மணம் அதில் அப்படியே இருந்தது. கழுத்தில் ஒற்றிக்கொண்டுதானே பயிற்சிக்கு வருவாய். நாளை எங்கள் பள்ளிக்கூடத்து லண்டன் பழைய மாணவிகளின் விளையாட்டுப் போட்டி. அணிவகுப்புக்கு முன்னால் பாண்ட் போக வேண்டும். நீ போய் வருடம் ஒன்றாகப் போகிறது, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ரெய்னர்ஸ் லேன் ஹோலில் முதல் பயிற்சி. நான் ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அது என்னுடையது, பெரிய ட்ரம் உன்னுடையது. நீ எல்லோருக்கும் முன்னால் சொன்னாய்: "இந்தமுறை ட்ரம்மை இவள் அடிக்கட்டும். இவளுக்கு இப்ப மூச்சு வாங்குது. ட்ரம்பெட் ஊத ஏலாது."

"ஆருக்கடி மூச்சு வாங்குது?" என்று கேட்டேன்.

"கதையாதை, வாரைக் கொழுவு."

வீம்புக்குத்தான் கொழுவினேன். நீ பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து சொல்லித் தந்தாய். "இடது காலுக்கு விழவேணும். எல்லாற்ற காலும் உன்ர கையிலதான் இருக்கு." அந்தக் கோடை முழுதும் ட்ரம்மைத் தவிர வேறெதுவும் நான் உன்னோடு பேசவில்லை.

எங்கள் சனத்தைத் தெரியும்தானே. எனக்கு நுரையீரலில் ஏதோ வருத்தமாம் என்ற கதை நகரத்தின் மறுகோடி எட்மண்டன் வரை போய்விட்டது. ஒருத்தி ஆட்டெலும்பு சூப் காய்ச்சிக்கொண்டு வந்து, "மறைக்காதேங்கோ அக்கா, எங்களுக்குச் சொல்லலாம்தானே" என்று கையைப் பிடித்தாள். கடைசியில் பாண்ட்காரர் எல்லோரும் சேர்ந்து கோயிலில் எனக்காக அர்ச்சனையே செய்தார்கள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது, நான் வாயைத் திறக்க முன்னமே என்னுடையதை நீ சொன்னாய். பிறகு திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசியும் விட்டாய். உன் கையைத் தட்டிவிடலாம் போல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உன் செத்தவீட்டில்தான் உன் கணவர் சொன்னார். "தைமாசமே டொக்டர் சொல்லிப்போட்டார், தங்கச்சி. நுரையீரல். பாரம் தூக்கக்கூடாது எண்டவர். ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ. அந்த ட்ரம் மட்டும் உங்களைத் தவிர வேற ஆரிட்டையும் போகக்கூடாது எண்டு நிண்டவ."

நோயை ஒளிப்பது எங்கள் வீடுகளில் புதிதில்லை. சனம் கதைக்கும், இரக்கப்படும், அதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்வோம். ஆனால் நான் சனமா? "எனக்கு ஏலாமல் கிடக்கு, நீ அடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ட்ரம்பெட்டை மூலையில் வைத்திருக்க மாட்டேனா? உன் மூச்சிரைப்பை என் தலையில் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தாய். உனக்கு வரவேண்டிய சூப்பை நான் குடித்தேன். உனக்குக் கேட்கவேண்டிய சுகத்தை எல்லோரும் எனக்குக் கேட்டார்கள். பக்கத்தில் நின்று நீயும் கும்பிட்டாய். இதை நான் எப்படியடி மன்னிப்பது?

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். ஐயருக்கு உன்னைத் தெரியும். "போய்ச் சேர்ந்தவைக்கு அர்ச்சனை செய்யிறேல்லை, பிள்ளை" என்று தட்டைத் திருப்பித் தந்தார். அவரோடும் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ட்ரம்பெட்டையே திரும்ப எடுக்கச் சொல்லி பாண்டில் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். நாளைக்கும் அந்த வாரை நான்தான் கொழுவுவேன். இடது காலுக்குப் பிசகாமல் விழும், நீ பயப்படாதே.

இன்று மட்டும் தோள்வாரைத் துடைத்து வைத்துவிட்டு ட்ரம்பெட்டை எடுத்தேன். ஒரே சுரத்தைப் பிடித்து ஊதிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டிய பிறகுதான் நிறுத்தினேன். அப்போதும் எனக்கு மூச்சு மிச்சம் இருந்தது.