ரமணியின் ஹெட்ஃபோனும் நான் தைத்த உறைகளும்

ரமணிக் கண்ணா,

நீ கொச்சி ஆபீஸில் இருந்த இரண்டு வருஷமும் உனக்கு எழுதிய கடுதாசிகளை 'அநேக ஆசீர்வாதம்' என்றுதான் ஆரம்பித்தேன். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயசு. உன் அண்ணா பெண்டாட்டி என்ற உரிமையில் அன்றைக்கே ஆசீர்வாதம் பண்ணத் தொடங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போனவனுக்கு என்ன போட்டு ஆரம்பிப்பது? நேற்று முழுக்க யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. அதனால் எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிட்டேன்.

வீட்டுச் சமாசாரம் முதலில். உங்கண்ணாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் இல்லை. நம் காலனியை இடித்துக் கட்டுவது பற்றி இந்த வருஷமும் மீட்டிங் போட்டார்கள், இந்த வருஷமும் சண்டையில் முடிந்தது. மாடி வீட்டு மிக்ஸி இன்னும் அதே மிக்ஸிதான். செம்பூரில் இந்த முறை மழை சீக்கிரம் வந்துவிட்டது, உன் அறை ஜன்னலில் வழக்கமான இடத்தில் ஒழுகுகிறது. உன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை நகர்த்தி வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியையும் ஹெட்ஃபோனையும் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். டி.வி.க்கு உறை, ரிமோட்டுக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை. தையல் மெஷினுக்கே உறை தைத்தவள் நான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய கறுப்புப் பெட்டியோடு நீ வந்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஹெட்ஃபோனை எடுத்துக் காண்பித்தாய். வெளிப்பக்கம் சல்லடை மாதிரிக் கம்பிவலை, காது வைக்கிற பக்கம் மெத்து மெத்தென்று தோல். விலையை நீ சொல்லவில்லை, நானும் துருவவில்லை. எனக்கு உன் தலைதான் கண்ணில் பட்டது. தினம் தேங்காயெண்ணெய் தடவிப் படிய வாருகிற தலை. மூன்றே மாதத்தில் அந்தத் தோல் பிசுக்கேறிவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

மறுநாள் என் பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து நான்கு உறைகள் தைத்தேன். இரண்டு மாட்ட, இரண்டு துவைக்க. நீ ஆபீஸிலிருந்து வருவதற்குள் ஹெட்ஃபோன் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்தாய். கிட்டே வந்து ஒரு விரலால் ஓரத்து எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாய். பிறகு, "பேஷா இருக்கு மன்னி. அளவு எப்படி இவ்வளவு கரெக்டா எடுத்தேள்?" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது.

நீ அதில் பாட்டுக் கேட்ட அழகு இருக்கிறதே, அதை யாரிடமும் சொன்னால் நம்பமாட்டார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் மாடி மிக்ஸி ஓயும், எதிர்வீட்டுக் குழந்தைகள் தூங்கும். நீ இரண்டரைக்கே ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் போட்டுச் சூடாக விடுவாய். சமையலறைக்கு வந்து, "குக்கர் இன்னும் எத்தனை விசில் பாக்கி மன்னி?" என்பாய். மூன்று என்றால் மூன்றும் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். பிறகு ஃபேனை நிறுத்துவாய், மே மாதத்தில்கூட. ஃப்ரிட்ஜையும் நிறுத்தட்டுமா என்று என் முகத்தைப் பார்ப்பாய். "அரை மணியில ஐஸ் உருகாது மன்னி." என் முறைப்புக்கு நடுவில் நிறுத்தியும் விடுவாய். வியர்த்துக் கொட்டக் கொட்ட, கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பாய்.

ஒவ்வொரு முறையும், "ஒரு பத்து நிமிஷம் வந்து உக்காருங்கோளேன். மிருதங்கத்தோட தொப்பி எப்படிப் பேசறதுன்னு காட்டறேன்" என்று கூப்பிடுவாய். மிருதங்கத்தின் இடது பக்கம் தொப்பி என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கோ அரைக்க இருக்கும், மடிக்க இருக்கும். அப்புறம், அப்புறம் என்று ஆறு வருஷம் போயிற்று. ஒரு தடவை மாட்டுங்காவிலிருந்து வந்த உறவுக்காரர்கள் முன்னால், "அவன் காதுல டப்பாவை மாட்டிண்டா நாமெல்லாம் செத்தோமா இருந்தோமான்னுகூடத் தெரியாது" என்று சொன்னேன். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கார்த்திகையில் ஆபீஸ் போனவன் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் சான்பாடாவிலிருந்து உன் சிநேகிதன் வெங்கட் வந்தான். உன்னோடு ஹெட்ஃபோன் பைத்தியம் பிடித்தவர்கள் குழு ஒன்று இருக்கிறதாமே, அதில் ஒருவன். காபி குடித்துவிட்டு, "ரமணி சாரோட செட்டை ஒரு தடவை பாக்கலாமா ஆன்ட்டி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்கணும்.

"ஆன்ட்டி, இந்தக் கவர் எப்போலேந்து இருக்கு?"

"வாங்கின மறுநாள்லேந்து. நான்தான் தைச்சேன்."

"போட்டுண்டேவா கேப்பார்?"

"கழட்டி நான் பாத்ததில்லை. ஏன்?"

அவன் நல்ல பையன், சொல்ல மனசில்லாமல்தான் சொன்னான். அந்தத் தோல் காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். நடுவில் துணி வந்தால் சத்தம் கசிந்துவிடுமாம். கசிந்தால் முதலில் போவது கனமான சத்தம்தானாம். "பேஸ் பூரா காலி ஆன்ட்டி. மிருதங்கம்னா வலது பக்கம் டிங் டிங்னு கேக்கும், தொப்பி வரவே வராது" என்றான்.

தொப்பி. நீ என்னை ஆறு வருஷமாகக் கேட்கக் கூப்பிட்ட அதே தொப்பி.

அவன் இன்னொன்றும் சொன்னான். இது திறந்த வகை ஹெட்ஃபோனாம். உள்ளே இருப்பது வெளியே கேட்கும், வெளியே இருப்பது உள்ளே வரும். அதற்காகத்தான் நீ ஃபேனை நிறுத்தியிருக்கிறாய். அப்படியானால் உன் அறை வாசலில் நின்று நான் முணுமுணுத்ததெல்லாம் ஒன்று விடாமல் உனக்குக் கேட்டிருக்கிறது. நீ மூச்சுக்கூட விடவில்லையே, படவா.

வெங்கட் போனபிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்கென்று என்ன இருந்தது ரமணி? கல்யாணம் வேண்டாம் என்றாய். சம்பளத்தைக் கொண்டுவந்து உங்கண்ணா கையில் கொடுத்தாய். உனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அந்த ஒன்றுதான். அதையும் என் கிழிசல் புடவையால் மூடிக் கெடுத்துவிட்டேனா? சுத்தம், சுத்தம் என்று ஆறு வருஷம் உன் சந்தோஷத்தின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேனா? உங்கண்ணாவிடம் சொன்னேன். "அவன் ஒண்ணும் சொல்லலையே" என்றார். சொல்லியிருக்க மாட்டாய் என்பதுதானே என் வயிற்றெரிச்சல்.

வாராவாரம் உறைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டதும் துவைத்ததை மாட்டிக்கொண்டதும் நீதான். இப்போது நானே கழற்றினேன். உள்ளே இருந்த மெத்தைகளைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். வந்த அன்று பார்த்தவை இல்லை. இன்னும் தடிமனாக, கையால் தைத்த தையலோடு இருந்தன. தைக்கிறவளுக்குக் கைத்தையல் தெரியாதா? உங்கண்ணாவைத் துளைத்ததில், "தாராவியில தோல் வேலை பண்ற ஒருத்தன்கிட்ட போவான்" என்றார். உன் ஃபோனில் தேடினேன். 'எசக்கிமுத்து பேட்' என்று இருந்தது, இந்தக் காது மெத்தைக்குப் பேட் என்று பெயராம்.

தனியாகவே ஆட்டோ பிடித்துப் போனேன். இரண்டாள் எதிரெதிரே நடக்க முடியாத சந்து, மேலே மரப்படி, பசையும் தோலும் கலந்த வாசனை. எசக்கிமுத்து திருநெல்வேலிக்காரர், ஐம்பது வயசிருக்கும். பையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்ததுமே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நீங்கதான் மன்னியா? இருங்கக்கா, இருங்க. அண்ணாச்சி சங்கதி எனக்குப் பொறவுதான் தெரியும். மனசே சரியில்ல."

நான் சுற்றி வளைக்கவில்லை. "இந்த உறையால சத்தம் கெட்டுப்போச்சுன்னு சொல்றா. அவன் உங்ககிட்ட ஏதாவது குறைப்பட்டுண்டானா?"

அவர் சிரித்துவிட்டார். "கொறையா? முத தடவ வந்தப்பவே இந்த உறையோடதான் வந்தாவ. நான் சொன்னேன், 'அண்ணாச்சி, துணியக் கழத்திப் போடுங்க, சீக்கு தீந்துச்சு'ன்னு. 'அது எங்க மன்னி தச்சது. அது இருந்தபடியே இருக்கணும். அதுக்குத் தக்கன மெத்தைய நீரு மாத்தும்'னு சொல்லிட்டாவ."

"அப்புறம்?"

"பொறவென்ன, மூணு தடவ செஞ்சேன். மொதல்ல செஞ்சது கட்டி. ரெண்டாவது ரொம்ப அமுங்கிட்டு. மூணாவது ஆட்டுத்தோல நல்லா எளைச்சு, உள்ள பஞ்ச மாத்தி வச்சேன். துணிக்கு மேலயும் காதோட சேந்து உக்காந்துட்டு. அதுலயும் ஒரு கூத்து கேளுங்க. 'எங்க மன்னி வாராவாரம் தொவைப்பாவ, துணி மெலிஞ்சுக்கிட்டே போவும், அப்பவும் சரியா இருக்கணும்'னாவ. புது உறை ஒண்ணு, பழைய உறை ஒண்ணு, ரெண்டையும் மாட்டி மாட்டிப் பாத்தோம். இந்தா, இந்த முக்காலிலதான் உக்காந்து கேப்பாவ. கீழ மெஷின் ஓடுதுன்னு நான் போயி அஞ்சு நிமிசம் நிப்பாட்டச் சொல்லிட்டு வருவேன்."

அந்த முக்காலியிலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், சொல்ல என்ன வெட்கம். எசக்கிமுத்து டீ வரவழைத்தார்.

வீட்டுக்கு வந்து, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தேன். இரண்டரைக்குப் பெட்டியைப் போட்டேன். ஃபேனை நிறுத்தினேன், ஃப்ரிட்ஜையும் நானே நிறுத்தினேன். உங்கண்ணா என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்ல. முதலில் உறை இல்லாமல் மாட்டிக்கொண்டேன், அதுதான் சரியான முறை என்று வெங்கட் சொன்னானே. தொப்பி வந்தது. ஆனால் ஊரைக் கூட்டுகிற மாதிரி, கும்கும்மென்று பாடகர் குரலையே முழுங்கிக்கொண்டு வந்தது. இதையா இவன் கண்மூடிக் கேட்டான் என்று இருந்தது. வெங்கட்டுக்கு ஃபோன் போட்டேன். "பேஸ் திருகு எங்க இருக்கு பாருங்கோ" என்றான். கனமான சத்தத்தைக் கூட்டுகிற அந்தத் திருகைப் பாதிக்கு மேல் திருப்பி வைத்திருந்தாய். தடி மெத்தை ஒரு பக்கம், திருகு ஒரு பக்கம். எல்லாமே துணி நடுவில் இருக்கும் என்று நினைத்து நீ செய்து வைத்த ஏற்பாடு.

உறைகளை மாட்டினேன். மறுபடி காதில் வைத்தேன்.

ரமணி, என்னிடம் உன் மாதிரி வார்த்தைகள் இல்லை. தம்பூரா ஒரு பக்கம் இருந்தது, வயலின் ஒரு பக்கம் இருந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. சபையில் யாரோ நாற்காலியை மெல்ல நகர்த்தினார்கள். அப்புறம் மிருதங்கக்காரர் இடது கையை அழுத்தி ஒரு தடவை வழித்தார். அது காதில் கேட்டதா நெஞ்சில் கேட்டதா என்று தெரியவில்லை. நீ சொன்னாயே, பேசுகிறது என்று. பேசத்தான் செய்தது.

வெங்கட் ஒருநாள் வந்து கம்பெனி மெத்தை போட்டு, திருகைப் பழையபடி வைத்து, சரிபண்ணித் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். அது கம்பெனிக்காரன் சத்தம். நீ கேட்டது இது.

ஒரே ஒரு கேள்விதான் மனசில் நிற்கிறது. "மன்னி, இதைக் கழட்டிடலாமா?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு நிமிஷத்தில் கழற்றியிருப்பேனே. நிஜமாகக் கழற்றியிருப்பேனா? எனக்கே என்னைத் தெரியும். கழற்றிவிட்டு இரண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்காட்டியிருப்பேன். அதற்குப் பதில் வெயிலில் மூன்று தடவை தாராவிக்கு அலைவது மேல் என்று நீ முடிவு பண்ணியிருக்கிறாய். இவ்வளவு பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது? நான் வளர்த்த பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொள்ளக்கூட வழியில்லை. என்னிடம் அது கிடையாது.

மாட்டியிருக்கும் ஜோடி இழை விட்டுப்போய்விட்டது. அந்தச் சுங்குடியில் இன்னும் ஒரு முழம் இருக்கிறது. கத்திரிக்கோலை எடுத்தவள் கீழே வைத்துவிட்டேன். துணியையும் ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொண்டு எசக்கிமுத்துவிடம் போய், "எப்படித் தைச்சா சரியா இருக்கும்?" என்று கேட்டேன். முப்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் எத்தனையோ உறை தைத்திருக்கிறேன், தைப்பதற்கு முன்னால் ஒருவரைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவர் சொன்னபடி அங்கேயே உட்கார்ந்து தைத்தேன். எலாஸ்டிக் கொஞ்சம் இறுக்கம் என்றார், பிரித்தேன். மடிப்பு தடிமன் என்றார், மறுபடி பிரித்தேன். எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஆள் நீ. உன்னைத்தான் ஒரு தடவையும் கேட்கவில்லை.

இனிமேல் கேட்டுத்தான் தைப்பேன், ரமணி. இது சத்தியம்.

கேட்கத் தெரியாத,
உன் மன்னி