நெற்றியில் உரிந்த தோல்

ஜூன் 11, வியாழன்

காலையிலேயே மழை. தீவுக்குப் போகும் ஃபெரி தாமதம். குடையைப் பேருந்தில் விட்டாயிற்று. ஸ்கேன் அறை வாசலில் அதற்குள் மூன்று பேர்.

நான்காவது ச. அக்கா. ஐம்பது இருக்கும். கடும் தலைவலி, வாந்தி. "இன்னைக்குக் காலையிலதான் ஆரம்பிச்சிச்சு," என்றார் கணவர். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை; தொழிற்சாலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். படம் எடுத்தேன். ரத்தக்கசிவு இல்லை. டாக்டர் ர. கணினியில் பார்த்துவிட்டுப் போனில் சொன்னார்: தலைவலி ஆரம்பித்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த படம், நம்பலாம், மாத்திரை கொடுத்து அனுப்பலாம். சரியான முடிவுதான், காலையில் ஆரம்பித்திருந்தால்.

தள்ளுகட்டிலுக்கு மாற்றும்போதுதான் நெற்றியைக் கவனித்தேன். தைலம் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. ஒரே காலையில் இப்படி உரியாது. கணவரை வெளியே இருக்கச் சொன்னேன்.

"உண்மையச் சொல்லுங்கக்கா. எப்ப ஆரம்பிச்சிச்சு?"

"ஞாயித்துக்கிழம. மகளுக்கு நிச்சயம். சீர்த்தட்டத் தூக்குறப்ப பின்மண்டையில பட்டுனு வெடிச்ச மாதிரி... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தங்கச்சி. மாப்பிள்ள வீட்டுல சகுனம் பாப்பாங்க."

நான்கு நாள்! அதற்குள் ரத்தம் கரைந்து படத்தில் தெரியாமலே போயிருக்கலாம். வெடித்தது மூளையில் புடைத்த ரத்தக்குழாய் என்றால், அது உள்ளே அப்படியேதான் இருக்கும். மறுபடி வெடித்தால் ஆள் தப்புவது கஷ்டம். பயம். கோபமும்.

"டாக்டர்கிட்டச் சொல்லத்தான் போறேன்க்கா." அழுதார். பரவாயில்லை, அழட்டும்.

டாக்டருக்குப் போன். இன்னொரு ஸ்கேன் வேண்டும் என்றேன்.

"நீங்க படம் எடுங்க. நோய நான் பாக்குறேன்."

நான் போனை வைக்கவில்லை. "ஞாயித்துக்கிழம ஆரம்பிச்சது டாக்டர். மறைச்சிட்டாங்க."

அவர் படத்தை மறுபடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அவங்கள அங்கயே வைங்க. சாய ஊசி போட்டு ரத்தக்குழாயப் படம் எடுங்க."

எடுத்தேன். குழாய் பிரியும் இடத்தில் மிளகளவு புடைப்பு.

ஜூன் 12, வெள்ளி

வெயில். அக்காவுக்குக் காலை எட்டிலிருந்து அறுவை.

செய்ய: புதுக் குடை. அம்மாவுக்குக் கண் மருந்து. "எப்போது ஆரம்பித்தது" என்று இனி நோயாளியிடம் நானே கேட்பது, தனியாக. யார் முறைத்தாலும் சரி.

நாலு மணிக்குச் செய்தி: புடைப்பை அடைத்துவிட்டார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

விடுப்பு. இருந்தும் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் கணவர்.

"முழிச்சிட்டா தங்கச்சி! மொத வார்த்த என்னா தெரியுமா? மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியுமான்னு."

"என்னா சொன்னீங்கண்ணே?"

பெஞ்சில் சுருண்டு தூங்கும் இளைஞனைக் கைகாட்டினார்.

"மாப்பிள்ளதான் லா. வியாழக்கிழமைலேர்ந்து வீட்டுக்கே போகல."