பின்சீட்டின் காற்றுத்துளை

அன்புள்ள உனக்கு,

நலமே. அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

ஞாயிறன்று நமக்காக வாங்கப்போகும் பழைய ஹைபிரிட் காரைப் பற்றி உன் அண்ணன், "மாப்பிள்ளையைக் கேட்டா குறைதான் சொல்வாரு" என்றாராமே! பழைய கார்களில் குறை கண்டுபிடிக்கத்தானே என்னை இங்கே வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?

பின்சீட்டின் ஓரத்தில், காரை ஓட்டும் பெரிய பேட்டரிக்குக் காற்றுப் போகும் துளை இருக்கும். அதில் தூசி அடைத்திருந்தால் பேட்டரி சூடேறிக் கெட்டிருக்கலாம். போன வாரம் அப்படியொரு காரை 'தேறாது' என்று எழுதினேன் என்பதற்காக மேலாளர், "படிச்ச திமிரா? போய்க் காரைக் கழுவுய்யா" என்றார். கழுவுமிடம் நிழலாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதே.

அந்தத் துளையைப் படமெடுத்து அனுப்பு. பக்கத்தில் நம் சின்னவளை உட்காரவை. நான் வேண்டாம் என்றால், அண்ணனிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடு. நம் வீட்டிலாவது என் பேச்சு ஒருமுறை எடுபடட்டும்.

கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

உன் கணவன்